ஜூஸ் பாக்கெட்ல செஞ்ச படத்துக்கு சாமி படக் கடை பிரேம் எப்படி இருக்கு?

காலி ஜூஸ் பாக்கெட்ட தூக்கிப் போடாம படம் பண்ணி சுவத்துல மாட்டுறவங்களுக்கு முதல்லயே ஒண்ணு சொல்லிர்றேன், ரெடிமேட் போட்டோ பிரேம் இதுக்கு ஆகவே ஆகாது, நேரா உங்க ஊர்ல சாமி படம் பிரேம் போடுற கடைக்குப் போங்க. நான் மதுரையில மீனாட்சி கோயில சுத்தி இருக்குற தெருவுல ஒரு சின்ன கடையில குடுத்தேன், அதப் பத்திதான் இந்த ரிவ்யூ.

இந்த ஜூஸ் பாக்கெட்டுக்குப் பேரு டெட்ரா பேக், அதுல முக்கால்வாசி காகிதம்தான், மிச்சம் பாலித்தீன், நடுவுல தலைமுடியவிட மெல்லிசா ஒரு அலுமினிய லேயர். ஒரு லிட்டர் பாக்கெட்ட பின்னாடி ஒட்டு இருக்குற ஓரமா வெட்டி விரிச்சா ஏறக்குறைய ஏ4 சைஸுக்கு பளபளன்னு வெள்ளித் தகடு மாதிரி கிடைக்கும். சோப்பு போட்டு கழுவி காயவச்சு, அடியில நியூஸ்பேப்பர் மடிச்சு வச்சு, இங்க் தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால பிரிண்ட் பக்கம் அழுத்தித் தேச்சேன், நான் போட்ட மயிலோட உடம்பு வெள்ளிப் பக்கம் லேசா புடைச்சுக்கிட்டு வந்துச்சு, தோகைக் கோடெல்லாம் வெள்ளிப் பக்கத்துலயே கீறுனேன். அப்புறம் கருப்பு அக்ரிலிக் பெயிண்ட பூசி உடனே துணியால துடைச்சுட்டா கோட்டுக்குள்ள மட்டும் கருப்பு நிக்கும், பழைய வெள்ளிச் சாமான் கலர் வந்துரும், அவ்வளவு அழகா இருக்கு.

சிக்கல் என்னன்னா ரெடிமேட் பிரேம்ல கண்ணாடி படத்து மேலயே அழுந்தி உக்காரும், புடைப்பு எல்லாம் அமுங்கிரும். கடைக்கார அண்ணன் படத்த வாங்கி வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்த உடனே "இது அமுங்கக் கூடாதுல்லம்மா, உள்ள கட்டை குடுத்துருவோம்"னாரு, நாலு மெல்லிசு கட்டைய அறுத்து பிரேமுக்குள்ள நாலு ஓரத்துலயும் ஒட்டி அது மேல கண்ணாடிய வச்சாரு. சந்தன மாலை போட்ட போட்டோவுக்கெல்லாம் போடுவாங்கல்ல, அதே பாக்ஸ் பிரேம்தான். 10க்கு 12 சைஸ், சிந்தெட்டிக் பிரேம், கண்ணாடி எல்லாம் சேத்து 380 ரூபா. தேக்குன்னா டபுளுக்கு மேல சொன்னாரு, எனக்கு சிந்தெட்டிக்கே போதும், கரையான் தொல்லை கிடையாது.

குறைன்னா பின்பக்கம்தான். வெறும் பிரவுன் டேப் ஒட்டி குடுத்துட்டாங்க, மழைக்காலத்துல அது உரிஞ்சா பூச்சி உள்ள போயிரும், அதனால கேட்டு வாங்கி பேப்பர் வச்சு பெவிகால் போட்டு முழுசா ஒட்டச் சொல்லுங்க. ஒரு மூலையில ஜாயிண்ட் சரியா சேரல, பட்டி வச்சு அடைச்சிருக்காங்க, கிட்டப் போய் பாத்தாத்தான் தெரியும்.

தீப்பெட்டி லேபிள் சேத்து வச்சு ஒட்டுறவங்களுக்கு பாக்ஸ் பிரேம் தேவையில்ல, சாதா பிரேமே போதும், ஆனா அடியில பழைய அட்டப்பெட்டிய வெட்டி வைக்க விடாதீங்க, அந்த அட்டையில இருக்குற ஆசிட் நாளாக நாளாக லேபிள மஞ்சளாக்கிரும். ஆசிட் இல்லாத மவுண்ட் போர்டு, அதாவது படத்துக்குப் பின்னாடி வைக்கிற கெட்டி அட்டை, கேளுங்க, கொஞ்சம்தான் கூட ஆகும். வெயில் நேரா படுற சுவத்துலயும் மாட்டாதீங்க, லேபிள் கலர் வெளுத்துரும்.

ஆயுத பூஜை நெருங்கிட்டா இந்தக் கடைகள்ல சாமி படம் மாத்துற கூட்டம்தான், நம்ம படத்த நிதானமா பாக்க அவங்களுக்கு நேரமே இருக்காது, அதுக்கு ஒரு மாசம் முன்னாடியே கொண்டுபோய் குடுத்துருங்க.