காற்றடைக்கும் கயாக்: இரண்டு ஊருக்கும் ஒரே படகு போதுமா?

வருஷத்தில் பாதி கொடைக்கானல், மீதி தூத்துக்குடி என்று இருக்கிறோம், அதனால் ஒரே படகை இரண்டு பக்கமும் ஓட்டிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டு, மடித்தால் கார் டிக்கியில் அடங்கும் கயாக் ஒன்றை வாங்கினேன். கணக்கு தப்பு.

கடலோரத்தில் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. எடை குறைவு, தண்ணீருக்கு மேல் உப்பி நிற்கிறது, பகல் பதினொரு மணிக்குக் காற்று எழும்பினால் துடுப்பு போடுவது ஒரு பக்கம், படகு போவது இன்னொரு பக்கம். காலை ஏழு மணிக்கு மட்டும் சொகுசு.

மலைக்கு வந்தால் வேறு தலைவலி. ஒருமுறை சோம்பலில் காற்றை முழுசாக வெளியேற்றாமல் ஏற்றி வந்தோம். கொடை 2,100 மீட்டர் உயரம், வெளிக்காற்றின் அழுத்தம் கீழே இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு, பெருமாள்மலை தாண்டுவதற்குள் டிக்கியில் பை உளுந்துவடை மாதிரி உப்பிவிட்டது. அப்புறம் ஈரத்தோடு மடித்து வைத்ததில் பூஞ்சை. இந்த மூட்டத்தில் எதுதான் காய்கிறது!

ஏரியில் அது இறங்கவே இல்லை. துடுப்புப் படகு வாடகைக்குக் கிடைக்கும்போது அனுமதி கேட்டு அலைய எனக்குப் பொறுமை இல்லை. 1863இல் ஏரியை உருவாக்கிய லெவின்ஜ் துரையும் முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்துதான் கொண்டுவந்தாராம், அவருக்கு வாடகைப் படகு கிடையாது, சரி.

இப்போது தூத்துக்குடியில் கெட்டி பிளாஸ்டிக் கயாக் ஒன்று. பழையது மச்சானுக்கு, பம்போடு சேர்த்து.