தூக்கத்துக்கு ஒண்ணு, பதட்டத்துக்கு ஒண்ணு: எந்த ஜோடி பரவாயில்ல, எது பயம்?

ராத்திரி தூக்கம் இல்ல, பகல்ல நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது, ரெண்டுக்கும் தனித்தனி டாக்டர்கிட்ட போய் தனித்தனியா மாத்திரை வாங்குறவங்க இருக்காங்க, ஒருத்தர் எழுதினது இன்னொருத்தருக்கு தெரியவே தெரியாது. எங்க அம்மாவுக்கும் இப்படித்தான் ஆச்சு, அதுக்கப்புறம்தான் ஒவ்வொரு ஜோடியா உக்காந்து படிச்சேன்.

எனக்கு ரொம்ப பயமா இருக்கறது பதட்டத்துக்கான குளோனாசெபாமோ அல்பிரசோலாமோ போட்டுட்டு கூடவே தூக்க மாத்திரையான சோல்பிடெமும் போடறது. ரெண்டும் மூளையை அமைதிப்படுத்தற காபா ரிசெப்டர்லதான் வேலை செய்யுது, அதனால மயக்கம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறும். குளோனாசெபாம் உடம்புல பாதியா குறையவே 30-40 மணி நேரம் ஆகும், அதாவது இன்னிக்கு ராத்திரி சோல்பிடெம் போடும்போது நேத்து போட்டது இன்னும் உள்ளதான் இருக்கு. வயசானவங்க பாத்ரூம் போக எழுந்தா தள்ளாடி விழறதுக்கு இதுவும் ஒரு காரணம், குறட்டையோட மூச்சு நின்னு நின்னு வர்ற ஸ்லீப் ஆப்னியா இருந்தா இன்னும் மோசம். சோல்பிடெம் போட்டவங்க தூக்கத்துலயே எழுந்து நடக்கறது, வண்டி ஓட்டறதுன்னு வந்ததால அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2019-ல கடுமையான எச்சரிக்கையே போட்டாங்க. பெண்களுக்கு ஆரம்ப டோஸை 2013-லயே 10 மி.கி-லேர்ந்து 5-ஆ குறைச்சுட்டாங்க. இதோட வலிக்கு டிராமடால், கோடீன் மாதிரி எதாவது சேர்ந்தா மூச்சே அடங்கிப் போகலாம்.

அதுக்கு பதிலா காலைல எஸ்சிட்டலோபிராம் இல்லன்னா செர்ட்ராலின், முதல் சில வாரத்துக்கு மட்டும் கொஞ்சமா குளோனாசெபாம், இது எவ்வளவோ தேவல. முதல் ரெண்டும் எஸ்எஸ்ஆர்ஐ, அதாவது மூளைல செரட்டோனின்ங்கற ரசாயனத்தை கூட்டற வகை, அது வேலை செய்ய 2-லேர்ந்து 6 வாரம் ஆகும், ஆரம்பத்துல பதட்டமும் தூக்கக்கேடும் கூடவும் செய்யும், அந்த இடைவெளியை தாண்டத்தான் இந்த துணை. ஆனா எப்போ குறைக்கணும்னு முதல் நாளே டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க, ரொம்ப நாள் போட்டுட்டு திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரைக்கும் போகும். இன்னொண்ணு, எஸ்எஸ்ஆர்ஐ எல்லாமே ஒண்ணுன்னு நினைக்காதீங்க, அதே வகையைச் சேர்ந்த ஃப்ளூவாக்ஸமின் ஈரல்ல மருந்தை உடைக்கற என்சைமை தடுக்கறதால அல்பிரசோலாம் அளவு ரத்தத்துல ஏறிடும், சாதுவா தெரியற மெலட்டோனின் கூட பல மடங்கு ஏறும்.

எஸ்எஸ்ஆர்ஐ கூட ராத்திரி தூக்கத்துக்கு 50 மி.கி டிராசோடோன் கொடுக்கறதும் சகஜம், பழக்கமாகற பயம் இல்ல. ஆனா ரெண்டுமே செரட்டோனினை தொடறது, அதனால நடுவுல டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் இருக்கற இருமல் சிரப்போ டிராமடாலோ வந்துச்சுன்னா உஷாரா இருங்க. நடுக்கம், வியர்வை, காய்ச்சல், வயித்துப்போக்கு, ஒரே தவிப்புன்னு சேர்ந்து வந்தா அது செரட்டோனின் அளவுக்கு மீறினதால வர்ற செரட்டோனின் சிண்ட்ரோமா இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்கு போயிடணும். எஸ்சிட்டலோபிராம் கூட அரிப்புக்கும் பதட்டத்துக்கும் கொடுக்கற ஹைட்ராக்சிசின் போட்டா இதயத்துடிப்பு தாளம் மாறலாம், இதய நோய் இருக்கறவங்க ஈசிஜி பத்தி கேளுங்க.

ஜோடியே வேணாம்னா மனச்சோர்வுக்கு கொடுக்கற மிர்டாசபின் இருக்கு, 7.5 இல்ல 15 மி.கி ராத்திரி ஒரே மாத்திரை, தூக்கமும் வரும் பதட்டத்துக்கும் பல பேருக்கு கேக்கும். பசி எக்கச்சக்கமா எடுக்கும், எடை ஏறும், சுகர் இருக்கறவங்க யோசிக்கணும். சாப்பாடே இறங்காம மெலிஞ்சு போனவங்களுக்கு நான் முதல்ல கேக்கச் சொல்றது இதைத்தான்.

சளிக்கு சீட்டு இல்லாம வாங்கற டைஃபென்ஹைட்ரமின்ல தூங்கறது வயசானவங்களுக்கு வேண்டவே வேண்டாம், அம்மா சோல்பிடெமோட இதைத்தான் சேர்த்துப் போட்டாங்க, விடியற்காலைல எந்த ரூம்ல இருக்கோம்னே தெரியல அவங்களுக்கு. மது இதுல எதோடயும் ஆகாது.

மாத்திரையே இல்லாத வழி சிபிடி-ஐ, தூக்கத்துக்கான பேச்சு சிகிச்சை, நாள்பட்ட தூக்கமின்மைக்கு இதைத்தான் முதல்ல கொடுக்கணும்னு அமெரிக்க மருத்துவர்கள் அமைப்பான ஏசிபி 2016-லயே சொல்லிட்டாங்க. முதல் ரெண்டு மூணு வாரம் படுக்கைல இருக்கற நேரத்தையே குறைக்கச் சொல்வாங்க, பகல்ல கண்ணு சொக்கும், அந்த நாள்ல குளோனாசெபாமும் ஓடிட்டு இருந்தா வண்டிச் சாவியை வேற யார்கிட்டயாவது கொடுத்துடுங்க.