மூன்றாவது கம்பம்

மாதவரத்தில் கிடங்கு வைத்திருக்கும் நண்பர் போன வாரம் போனில் கேட்டார்: "அண்ணே, அந்தச் சத்தம் பிடிக்கிற சென்சார் வாங்கலாமா?" அன்றைக்குத்தான் எங்களுடையது ஒன்று பழுதுபார்த்து வந்திருந்தது. அந்தச் சூட்டோடு எழுதுகிறேன்.

எங்கள் கன்டெய்னர் யார்டு திருவொற்றியூர் பக்கம். இரவில் பூட்டை உடைக்கும் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று இது சொல்லும், தூரம் சொல்லாது. இரண்டு சென்சார் காட்டும் திசைக்கோடுகள் எங்கே வெட்டுகிறதோ அங்கேதான் ஆள். கேமராவுக்கு எட்டாத சந்தில் இருந்தவனையும் காட்டிக்கொடுத்தபோது அசந்துபோனேன்.

ஆனால் மாட்ட வந்தவர்கள், ஒயர் மிச்சம் என்று இரண்டையும் சாலையோரச் சுவரிலேயே மாட்டிவிட்டார்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் விடிய விடிய ஓடும் டிரெய்லர் இரைச்சலும் முதலில் அங்கேதான் மோதும். அதைவிடக் கொடுமை, சுவர் ஏறிக் குதிப்பவன் இரண்டு சென்சாரையும் சேர்க்கும் கோட்டிலேயே இறங்குகிறான். இரு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படுத்துவிடும், வெட்டும் புள்ளியே இருக்காது. ஆள் சுவரோரம் இருக்கிறான் என்று தெரியும், எந்த இடம் என்று தெரியாது. கோடுகள் செங்கோணத்துக்குப் பக்கமாக வெட்டினால்தான் இடம் சரியாக விழும்.

இரண்டு வருடம் பொறுத்தேன். அப்புறம் சொந்தச் செலவில் பின்மூலையில் மூன்றாவது சென்சாருக்கு ஒரு கம்பம் நட்டேன், 7 மீட்டர். ஒரு கன்டெய்னர் பெட்டி 2.6 மீட்டர் உயரம், நாங்கள் வைப்பது இரண்டடுக்கு. அதற்குக் கீழே வைத்தால் இரும்பில் பட்டுத் திரும்பும் எதிரொலியைத்தான் பிடிக்கும். அதன்பிறகு சுவரோரமும் துல்லியமாகத் தெரிந்தது.

இப்போது பழுதானது அந்த மூன்றாவதுதான். உப்புக்காற்றில் இணைப்பு முனை பச்சைக் களிம்பு பிடித்துவிட்டது. அதற்குக் கருவியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சரிசெய்தவர் அதைக் கம்பத்தில் பிடிக்கும் கிளாம்ப்பை 5 டிகிரி திருப்பி மாட்டிவிட்டுப் போய்விட்டார். அங்கிருந்து சுவர் 120 மீட்டர். 5 டிகிரி என்றால் அங்கே பத்தரை மீட்டர் தள்ளிக் காட்டும், கிட்டத்தட்ட ஒரு 40 அடிப் பெட்டியின் நீளம். இரவுக் காவலாளி, அறுபது வயதுக்காரர், டார்ச்சோடு இரண்டு தரம் தவறான இடத்துக்கு ஓடியிருக்கிறார். அங்கே யாராவது கம்பியோடு பக்கத்தில் நின்றிருந்தால்?

மறுநாள் காலை, லாரிகள் கிளம்புமுன், அளந்து குறித்த நான்கு இடங்களில் இரும்புத் தகட்டைத் தட்டச் சொன்னேன். திரையில் வந்த கோணத்தோடு ஒப்பிட்டு நானே ஏணியில் ஏறித் திருப்பினேன். கிளாம்ப்புக்கும் கம்பத்துக்கும் சேர்த்து வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு இழுத்திருக்கிறேன்.

நல்ல கருவி, சந்தேகமே இல்லை. ஆனாலும் நண்பரிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். யார்டு வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்துவிட்டுக் கம்பம் நடுகிற ஆள் கிடைத்தால் கூப்பிடட்டும், நானும் போய் நிற்கிறேன்.