ஒரே வெள்ளை ஈ, நாலு மருந்து, 206 வெள்ளி

வீட்டுக்குப் பின்னால் பாலிபேக்கில் தக்காளி, மிளகாய், கத்தரி போடுகிற பினாங்கு ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். நாற்றும் மருந்தும் விற்ற கடையின் பெயரைக் கேட்காதீர்கள். புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியும்வரை வாயைத் திறக்க மாட்டேன்.

ஆயர் ஈத்தாம் பக்கம் தரைவீடு. பின்கட்டில் மழைக்குப் பிளாஸ்டிக் கூரை போட்டு, தேங்காய் நாரில் 12 தக்காளிச் செடி வைத்திருந்தேன். நம் ஊர்ச் சூட்டில் தக்காளி காய்ப்பதே பெரிய காரியம். ராத்திரியும் வெக்கை இறங்கவில்லை என்றால் பூ கொட்டிவிடும். "கேமரன் தக்காளி பசாரில் கிடைக்குது, உங்களுக்கு ஏன் இந்த வேலை" என்று வீட்டுக்காரி கேட்காத நாளில்லை. இருந்தும் அந்தப் பன்னிரண்டும் காய்க்கத் தொடங்கியிருந்தன. அந்தத் தெம்பில்தான் இன்னும் 10 நாற்று வாங்கப் போனேன். ஒன்று 3 வெள்ளி. கூட வந்த தங்கச்சியும் ஜெலுத்தோங்கில் இருக்கும் அவள் பிளாட்டுக்கு ஆறு நாற்று வாங்கினாள். இந்த ஆறு நாற்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரத்தில் புதுச் செடியைத் தொட்டால் வெள்ளையாகப் பொடிப்பொடியாகப் பறந்தது. சிகரெட் சாம்பலை ஊதியது மாதிரி. கடைக்குப் போய்ச் சொன்னேன். கடைக்காரத் தம்பிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், நல்ல பேச்சு. "வெள்ளை ஈண்ணே, கேமரன் தோட்டக்காரங்க அடிக்கிற சாமான் இருக்கு, கடையில வெளிய வைக்கிறதில்ல" என்று உள்ளேயிருந்து ஒரு மினரல் தண்ணி போத்தலில் பால்போன்ற திரவத்தைக் கொண்டுவந்தார். லேபில் கிடையாது. ஒரு லிட்டர் தண்ணிக்கு இரண்டு மூடி. 45 வெள்ளி.

அடித்த அன்று சாயங்காலம் ஒரு ஈ இல்லை. மறுநாளும் இல்லை. தம்பியைப் புகழ்ந்து இரண்டு பேரிடம் வேறு சொல்லிவிட்டேன், வெட்கக்கேடு. அடுத்த வாரம் முன்பைவிட அதிகமாகப் பறந்தது. "விடாம அடிங்கண்ணே" என்றார். அடித்தேன்.

அதற்குள் புது நாற்றுகளின் நுனி இலை கிண்ணம்போல மேலே மடங்கி, ஓரம் மஞ்சளடித்தது. கேட்டதற்கு "வெயிலுக்குச் சுருளுது" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். ஐந்தாவது வாரம் பழைய செடிகளின் இலைமேல் அடுப்புக்கரி பூசியதுபோலக் கறுப்புப் படை, தொட்டால் பிசுபிசுப்பு, எறும்பு வரிசை. "அது ஃபங்கஸ், தனி நோய்" என்று 28 வெள்ளிக்கு ஒரு பவுடர். பிறகு பழுத்த பழம் ஒரே சீராகச் சிவக்காமல் மஞ்சள் கோடு கோடாக நின்றது, வெட்டினால் உள்ளே வெள்ளையாகக் கட்டை. "பொட்டாஷ் பத்தல" என்று 38 வெள்ளிக்கு ஒரு போத்தல். கடைசியில் பத்து நாற்றும் வளராமல் குட்டையாக, புதர் மாதிரி நின்றபோதுதான் வைரஸ் என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது. அதற்கும் மருந்து வைத்திருந்தார். கடையிலேயே அடித்த ஸ்டிக்கர், 'ஆன்டி வைரஸ்' என்று கொட்டை எழுத்து, 95 வெள்ளி. திறந்தால் கடற்பாசி வாடை.

கேமரன் மலையில் காய்கறித் தோட்டத்தில் இருபது வருஷம் வேலை பார்த்த என் மனைவியின் தம்பிக்கு வாட்சாப்பில் படம் அனுப்பினேன். அவன் முதலில் கேட்டது, "மச்சான், இலையைத் திருப்பிப் பார்த்தீங்களா?" என்றுதான். ஒன்றரை மாதமாக மேலேயே பார்த்துக்கொண்டிருந்தவன் நான். திருப்பினால், அடி இலைகளின் பின்புறம் முழுக்கக் கடுகில் கால்வாசிகூட இல்லாத வெளிர்மஞ்சள் செதில்கள், ஒட்டவைத்தது மாதிரி.

அன்று ராத்திரி அவன் போனில் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். வெள்ளை ஈ என்கிறோம், மலாய்க்காரர்களும் லாலாட் பூத்தே என்கிறார்கள், ஆனால் அது ஈ வகையே இல்லை. அசுவினி, மாவுப்பூச்சிக்குச் சொந்தம், சாறு உறிஞ்சுகிற சாதி. பெண் பூச்சி இலையின் அடியில் முட்டையிடும். பொரித்த குஞ்சு கொஞ்ச தூரம் ஊர்ந்து ஓரிடத்தில் வாயைக் குத்தி உட்கார்ந்தால், பறக்கும் பருவம்வரை அங்கேயே செதிலாகக் கிடக்கும். நம் சூட்டில் முட்டையிலிருந்து பறப்பதற்கு ஏறக்குறைய மூன்று வாரம்தான். நான் மேலே அடித்த மருந்தில் செத்தது பறந்த கூட்டம். முட்டைக்கும் செதிலுக்கும் ஒன்றும் ஆகவில்லை. இந்தப் பூச்சியை அழிக்கிற சிலந்தியும் குட்டிக் குளவியும் செத்துப்போயின. அதனால்தான் பின்னால் வந்த கூட்டம் பெரிதாக இருந்தது. பல மருந்துக்கு இந்தப் பூச்சி உலகம் முழுக்கவே எதிர்ப்புச் சக்தி வளர்த்துவிட்டது, அது வேறு.

உறிஞ்சிய சாற்றில் மிச்சமான சர்க்கரையைப் பூச்சி பின்னால் சொட்டுகிறது. அதுதான் பிசுபிசுப்பு. அதன்மேல் வளர்வதுதான் கறுப்புப் படை. பூச்சி போனால் ஈரத்துணியால் துடைத்தாலே வந்துவிடும். 28 வெள்ளி போச்சு. செதில்கள் உறிஞ்சும்போது பழம் சீராகப் பழுக்காமல் போவதும் இதே பூச்சியின் வேலை. 38 வெள்ளி போச்சு. வைரஸைச் செடிக்குச் செடி கொண்டுபோவதும் இதுவே. நோயுள்ள செடியில் அரை மணி நேரம் உறிஞ்சினால் போதும், அந்தப் பூச்சி சாகும்வரை பரப்பும்.

"அப்போ வைரஸுக்கு என்ன மருந்து?" என்றேன். மச்சினன் சிரித்தான். செடிக்குள் போன வைரஸுக்கு மருந்தே கிடையாதாம், கேமரனிலும் கிடையாது, எங்கேயும் கிடையாது. பிடுங்க வேண்டியதுதான். 95 வெள்ளி!

அப்புறம் தங்கச்சியின் ஆறு நாற்று. அவள் வீடு ஒன்பதாவது மாடி, அந்தக் கோரிடோரில் வேறு செடியே இல்லை. அவளுக்கும் இரண்டாவது வாரமே நுனி மடங்கியிருக்கிறது, தண்ணி ஊற்றத் தெரியவில்லை என்று நான் திட்டுவேனோ என்று சொல்லாமல் இருந்திருக்கிறாள். வைரஸ் ஏறி அடையாளம் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகுமாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். நோயும் பூச்சியும் கடையிலிருந்தே நாற்றோடு வந்தவை. அதற்குத்தான் அதே கடையில் மருந்து வாங்கியிருக்கிறேன்.

பணத்தைவிட அந்த மினரல் தண்ணி போத்தல்தான் என்னை இன்றும் தூங்கவிடாமல் செய்கிறது. நாலு வயதுப் பேரன் வந்துபோகும் வீடு. சமையலறைக் கதவுக்கு வெளியே, அவன் கைக்கு எட்டும் உயரத்தில், தண்ணி போத்தலில் விஷத்தை வைத்திருந்தேன். அதை அடித்த செடியில் பறித்த பழத்தைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தேன். அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பது லேபிலில் இருக்கும். லேபிலே இல்லையே, யாரைக் கேட்பது? மீதிப் பழம் எல்லாவற்றையும் குப்பையில் போட்டேன். பக்கத்து வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன், அது தனிக் கதை.

நம் நாட்டில் 1974ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் இருக்கிறது. பூச்சிக்கொல்லி வாரியத்தில் பதியாத மருந்தை விற்கக்கூடாது. பதிந்ததென்றால் லேபிலில் எல்.ஆர்.எம்.பி. என்று தொடங்கும் எண் இருக்கும். என்ன மருந்து, எந்தச் செடிக்கு, எவ்வளவு என்பதும் இருக்கும். அந்த எண் இல்லாத எதையும், பெரிய போத்தலிலிருந்து ஊற்றிக்கொடுப்பதையும், தயவுசெய்து வாங்காதீர்கள். நான் போத்தலைக் காலி செய்யாமல் விவசாய இலாகாவில் கொண்டுபோய்க் காட்டிவிட்டேன். பணத்துக்குப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போட்டிருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்லை. ஆனால் என்னிடம் இருப்பது 'மருந்து 95' என்று கையால் கிறுக்கிய ஒரே ஒரு ரசீது. மற்றதற்கெல்லாம் கேட்கவேயில்லை. நீங்கள் கேளுங்கள், பொருளின் பெயரை எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

செடிக்கு என்ன செய்தேன் என்று கேட்பவர்களுக்கு: பத்து நாற்றும், நுனி மடங்கிய இரண்டு பழைய செடியும் போயின. அப்படியே பிடுங்கினால் ஈக்கள் கிளம்பி அடுத்த செடிக்குப் போகும். பூச்சி மந்தமாக இருக்கும் விடியற்காலையில், செடியின் மேல் குப்பைப் பையைக் கவிழ்த்துக் கட்டிவிட்டுத்தான் பிடுங்க வேண்டும். மிஞ்சிய பத்தில் செதில் அடர்ந்த அடி இலைகளைக் கிள்ளி அதையும் பையில் கட்டினேன். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், தண்ணியோடு கலப்பதற்குக் கொஞ்சம் சோப்பு, சாயங்காலம், இலையின் அடியில் நனையும்படி. முதலில் இரண்டு இலையில் அடித்து, கருகவில்லை என்று பார்த்துவிட்டு மற்றதற்கு. ஐந்து நாளுக்கு ஒருமுறை, ஒரு மாதம். ஒரு தடவை அடித்துவிட்டுப் பலனில்லை என்று சொல்லாதீர்கள், முட்டை பொரிந்துகொண்டே இருக்கும். மஞ்சள் ஒட்டும் அட்டையும் தொங்கவிட்டேன். அது பூச்சியை ஒழிக்காது, கூடுகிறதா குறைகிறதா என்று காட்டும், அவ்வளவுதான். மூன்றாவது வாரத்திலிருந்து அட்டையில் ஒட்டுவது குறைந்தது. புது நாற்று எது வந்தாலும் இனி முன்வாசலில் மூன்று வாரம் தனியாக நிற்கும்.

போன சனிக்கிழமை கடைக்குப் போனேன். மனு விஷயம் தெரிந்திருக்கிறது. "எதுக்குண்ணே பெரிசாக்குறீங்க, இருபது நாற்று சும்மா எடுத்துட்டுப் போங்க" என்று தட்டை என் பக்கம் தள்ளினார். நல்ல பச்சை, தளதளவென்று இருந்தன. நான் ஒரு நாற்றை எடுத்து, அவர் முகத்துக்கு நேராகவே அடி இலையைத் திருப்பினேன். நாலைந்து வெள்ளையாகக் கிளம்பி, அவர் சட்டையிலேயே போய் உட்கார்ந்தன.