கார்வெட் இசட்ஆர்1: 86 டிகிரி தெர்மோஸ்டாட்டா, 71 டிகிரியா?

2009-13 இசட்ஆர்1 காரில் இருப்பது சூப்பர்சார்ஜர் (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) எஞ்சின் ஆயிற்றே, கம்பெனி போட்ட 86 டிகிரி தெர்மோஸ்டாட்டை (சூடானதும் கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) மாற்றி 71 போடலாமா என்று யோசிப்பவர்களுக்கு:

செலவு: 86-க்கு ஒன்றுமில்லை. 71 போட்டால் விசிறி ஓடத் தொடங்கும் வெப்பநிலையையும் இசியூவில் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) குறைக்க வேண்டும்; இல்லாவிட்டால் டிராஃபிக்கில் சூடு பழையபடி ஏறிவிடும்.

ஆயுள்: 86-இல் ஆயில் நன்றாகச் சூடாகி, சேர்ந்த ஈரம் ஆவியாகும். 71-இல், குறுகிய ஓட்டங்களில், அது ஆயிலிலேயே தங்கும்.

நாக்கிங் (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடித்து எஞ்சின் தட்டுவது): இதைக் குறைக்க 71 கொஞ்சம் உதவும். ஆனால் சூப்பர்சார்ஜர் அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குத் தனி கூலன்ட் சுற்று. தெர்மோஸ்டாட்டை மாற்றி அதைக் குளிர்விக்க முடியாது.

தினசரி ஓட்ட 86 போதும். பவரைக் கூட்ட இசியூவில் டியூன் ஏற்றி, நேர்கோட்டில் குறுந்தூரம் பாயும் டிராக் (drag) ரேஸ் ஓட்டுபவருக்கு 71. சர்க்யூட்டில் நீண்ட நேரம் விரட்டினால் இரண்டுமே முழுதாகத் திறந்திருக்கும். அப்புறம் பெரிய ரேடியேட்டர்தான் வழி.