ஒரே கைப்பேசி, மூன்று திரைகள்

என்னிடம் இருப்பது சுமார் 1,900 ரிங்கிட்டுக்கு வாங்கிய நடுத்தர விலை ஆண்ட்ராய்டு கைப்பேசி. இது நாலாவது ஆண்டு. கேமரா, வேகம் பற்றியெல்லாம் வாங்கிய வாரத்திலேயே பலர் எழுதித் தள்ளிவிட்டார்கள். நான் எழுத வந்தது திரையைப் பற்றி மட்டும். தொழிற்சாலையில் பொருத்தியது, பிறகு கோலாலம்பூர் கடையொன்றில் போட்ட மாற்றுத் திரை, அதன்பின் நிறுவனத்தின் சேவை மையத்தில் போட்ட அசல் என்று மூன்று திரைகளோடு இதே கைப்பேசியைப் பயன்படுத்திவிட்டேன். மாடல் எண் மாறவில்லை. ஆனால் மூன்றும் மூன்று வேறு கைப்பேசிகள் மாதிரிதான் நடந்துகொண்டன. பிராண்டைச் சொல்லப் போவதில்லை. செந்தூலில் என் பக்கத்து வீட்டு அக்கா வைத்திருப்பது வேறு பிராண்டு, அவருக்கும் இதே பாடுதான்.

முதல் திரையில் இரண்டு ஆண்டுக்கு மேல் ஒரு குறையும் இல்லை. ஓஎல்இடி (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகை), 120 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 120 முறை படம் புதுப்பிக்கும்), திரைக்குள்ளேயே கைரேகை. பிறகு ஒருநாள் காலை மஸ்ஜிட் ஜாமேக் நிலையத்தில் ரயில் மாறும் நெரிசலில் யாரோ இடிக்க, கைப்பேசி மூலை தரையில் பட விழுந்தது. இடுப்பு உயரம்கூட இல்லை. இதற்கு முன் வீட்டு மாடிப்படியில் உருண்டபோது அதற்கு ஒன்றுமே ஆகவில்லை! இது பலருக்கும் புரியாத புதிர். காரணம் கண்ணாடியைச் செய்யும் விதத்திலேயே இருக்கிறது.

கைப்பேசிக் கண்ணாடியை 400 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகிய பொட்டாசியம் உப்பில் ஊறவைக்கிறார்கள். கண்ணாடியில் இருக்கும் சோடியம் அயனிகள் வெளியேறி, அவற்றின் இடத்தில் அவற்றைவிடப் பருமனான பொட்டாசியம் அயனிகள் வந்து நெருக்கியடித்து உட்காருகின்றன. அந்த நெருக்கம் மேற்பரப்பை எப்போதும் அழுத்தியே வைத்திருப்பதால் விரிசல் எளிதில் வாய் திறக்காது. கார்னிங் நிறுவனம் 1960களிலேயே இந்த வகைக் கண்ணாடியைச் செய்துவிட்டது. 2007இல் முதல் ஐபோன் வந்த பிறகுதான் அதற்குப் பெரிய சந்தை கிடைத்தது. ஆனால் இப்படி இறுகிய அடுக்கு ஒரு மயிரிழைத் தடிமன்தான். அதைத் தாண்டி ஒரு கீறல் உள்ளே போய்விட்டால் பிறகு அடுத்த அடிக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

கீறலைப் போடுவது சாவி என்று நினைக்கிறோம். பெரும்பாலும் இல்லை. எது எதைக் கீறும் என்று 1 முதல் 10 வரை காட்டும் மோஸ் கடினத்தன்மை அளவில் இந்தக் கண்ணாடிகள் 6 வாக்கில் கீறல் விழத் தொடங்குகின்றன. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. கைப்பையின் அடியில் கிடக்கும் தூசியிலேயே அது இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் மாதக்கணக்கில் சேர்ந்து, அவற்றில் ஒன்றின்மேல் அடி சரியாக விழும் நாளில் மொத்தமும் சிலந்தி வலையாகிவிடுகிறது. மாடிப்படியில் தப்பியதும் ரயில் நிலையத்தில் உடைந்ததும் இதனால்தான். கடினமான கண்ணாடி, உடையாத கண்ணாடி இரண்டையும் ஒன்றாகவே விளம்பரத்தில் காட்டுகிறார்கள். கீறலைத் தாங்குவது வேறு, விழுந்தால் தாங்குவது வேறு.

இரவுச் சந்தையில் பத்து வெள்ளிக்கு (ரிங்கிட்டைத்தான் வெள்ளி என்போம்) ஒட்டித் தரும் டெம்பர்ட் கிளாஸ் உறையில் '9எச்' என்று போட்டிருக்கும். அது மோஸ் அளவு இல்லை, பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் அளவு. மோஸ் 9 என்றால் நீலக்கல் அளவுக்குக் கடினம். பத்து வெள்ளிக்கு நீலக்கல் யார் தருவார்? ஒட்டிக்கொள்வதில் தப்பில்லை, கீறலை அது வாங்கிக்கொள்ளும். ஆனால் மூலையில் விழும் அடிக்கு என் அனுபவத்தில் விளிம்பு உயர்ந்த ரப்பர் உறைதான் உதவுகிறது.

சரி, உடைந்த பிறகு என்ன ஆயிற்று? மேல் பாதியில் கறுப்பும் ஊதாவுமாக மை சிந்தியதுபோல ஒரு கறை. ஓஎல்இடியின் உறை பிளந்து உள்ளே காற்றும் ஈரமும் புகுந்தால் அப்படித்தான் பரவும், தானாக நிற்காது. மாலைக்குள் தொடுதிரையும் செத்துவிட்டது. உள்ளே கைப்பேசி நலமாகத்தான் இருந்தது. அழைப்பு வந்தால் மணி அடித்தது, எடுக்க முடியவில்லை. அதிகாலை அலாரம் அடித்தது, நிறுத்த முடியவில்லை.

சேவை மையத்துக்குப் போனேன். திரை 780 ரிங்கிட், ஸ்டாக் இல்லை, முன்பணம் கட்டினால் ஆர்டர் போடுவார்கள், இரண்டு மூன்று வாரம் ஆகலாம் என்றார்கள். கூடவே ஒரு படிவம்: எல்லாத் தரவையும் பேக்கப் எடுத்து, கைப்பேசியை ரீசெட் செய்து கொடுக்க வேண்டுமாம். தொடுதிரையே வேலை செய்யாத கைப்பேசியில் எதைத் தொட்டு பேக்கப் எடுப்பது என்று கேட்டேன். முகப்பில் இருந்த பெண் பாவம், படிவத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றார்.

மூன்று வாரம் கைப்பேசி இல்லாமல் இருப்பது முன்பு சிரமம். இப்போது பணமே நின்றுவிடும். 2022 செப்டம்பரில் மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அறிவித்த நடவடிக்கைகளுக்குப் பிறகு, பணம் அனுப்ப ஒப்புதலாகக் குறுஞ்செய்தியில் வந்த டேக் எண் படிப்படியாகப் போய், வங்கிச் செயலியிலேயே ஒப்புதல் தர வேண்டியதாகிவிட்டது. அதையும் பதிவு செய்த ஒரே கைப்பேசியில்தான் தர முடியும். வேறு கைப்பேசியில் புதிதாகப் பதிந்தால் காத்திருப்பு நேரம் என்று ஒன்று உண்டு. மோசடியைத் தடுக்க நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை. ஆனால் வீட்டு வாடகை அனுப்ப வேண்டிய வாரத்தில் என் வங்கிக் கணக்கு மொத்தமும் ஒரு கறுத்த கண்ணாடிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது.

கைப்பேசி, கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவில் ஏறி இறங்கி விலை கேட்டேன். கடைக்குக் கடை பதில் வேறு. வெறும் கண்ணாடியை மட்டும் மாற்ற முடியுமா என்று சிலர் கேட்பார்கள். முடியும். கண்ணாடி, தொடு அடுக்கு, ஓஎல்இடி பலகை எல்லாம் ஒளி ஊடுருவும் பசையால் ஒன்றாக ஒட்டியிருக்கும். சூடான தட்டில் வைத்து மெல்லிய கம்பியால் பசையை அறுத்துக் கண்ணாடியைப் பிரித்தெடுத்து, புதியதை வெற்றிட இயந்திரத்தில் ஒட்டுவார்கள். கண்ணாடி மட்டும் உடைந்து படம் முழுதாகத் தெரிந்தால் இது சிக்கனமான வழி. அறுக்கும்போது பலகை போனால் பொறுப்பு உங்களுடையது என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள். என்னுடையதில் பலகையே போய்விட்டதால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

கடைசியில் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் ஒரு தமிழ்த் தம்பி, "அக்கா, ஓரி, அதாவது ஒரிஜினல் வேணும்னா நானும் ஆர்டர்தான் போடணும். காப்பி இருக்கு, 190 வெள்ளி, ஒரு மணி நேரத்துல போட்டுக் கொடுத்துர்றேன். ஆனா கைரேகை வேலை செய்யாது, இப்பவே சொல்லிட்டேன்" என்றார். அப்படி வெளிப்படையாகச் சொன்னதற்காகவே அவரிடம் கொடுத்தேன். அன்று மாலையே வாடகையும் அனுப்பினேன்.

இனி அந்த 190 வெள்ளித் திரையைப் பற்றி. ஓராண்டுக்கு மேல் அதோடு குடித்தனம் நடத்தினேன். அது ஓஎல்இடி இல்லை, அந்த மாடலுக்குப் பொருந்துமாறு செய்த எல்சிடி. எல்சிடிக்குப் பின்னால் தனி விளக்கு வேண்டும், அதனால் தடிமன் கூடும். சட்டகத்தை விட்டுத் திரை லேசாக மேலே துருத்திக்கொண்டு நின்றது. ரப்பர் உறையின் உயர்ந்த விளிம்பு அப்படியே வீணாயிற்று. கைரேகை உணரி திரைக்கு அடியில் இருப்பதால், விளக்குப் பலகையை ஊடுருவி அதற்கு விரல் தெரியாது. எல்லாவற்றுக்கும் ஆறு இலக்க எண்தான். பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் பணம் செலுத்தும் இடத்தில், பின்னால் பத்துப் பேர் நிற்க, கியூஆர் முன்னால் எண்ணைத் தட்டிக்கொண்டிருப்பது தனி வேதனை.

எண்ணைத் தட்டுவதுகூடப் பரவாயில்லை. சார்ஜரில் போட்டிருக்கும்போது திரை தானாகவே தட்டிக்கொள்ளும். நான் 4ஐத் தொட்டால் அது 7ஐயும் சேர்த்துத் தொடும். வங்கிச் செயலி ஒருமுறை பூட்டிக்கொண்டு, கிளைக்குப் போய் நின்றேன். விரலில் வியர்வை இருந்தால் இன்னும் மோசம், கோலாலம்பூரில் விரல் எப்போது காய்ந்திருக்கிறது? அசல் கண்ணாடியில் இருக்கும் எண்ணெய் ஒட்டாத பூச்சும் இதில் இல்லை. முகத்தில் வைத்துப் பேசி எடுத்தால் பவுடரும் எண்ணெயும் அப்படியே படிந்திருக்கும். அருகுணரியும் சரியாக வேலை செய்யவில்லை. பேசும்போது திரை அணையாது, கன்னம் பட்டு மியூட் ஆகிவிடும். என் அம்மா பாதிப் பேச்சில் "ஏம்மா, இருக்கியா?" என்று கேட்பதே வழக்கமாகிவிட்டது.

வெயிலில்தான் அதன் உண்மை நிறம் தெரிந்தது. தைப்பூசத்தன்று பத்துமலையில், 272 படிகளுக்குக் கீழே நடுப்பகல் வெயிலில் நின்று என் தம்பியின் காவடியைப் படம் எடுத்தேன். திரையில் தெரிந்தது என் முகம்தான். குத்துமதிப்பாகத் தட்டிக்கொண்டே போனேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் படங்கள் பிரமாதம். கேமரா அதே பழைய கேமராதானே.

பேட்டரியும் சொல்லாமல் விட முடியாது. ஓஎல்இடியில் கறுப்பு என்றால் அந்தப் புள்ளி அணைந்திருக்கும், எல்சிடியில் கறுப்பைக் காட்டவும் பின்விளக்கு எரியும். இரவுப் பயன்முறையால் ஒரு மிச்சமும் இல்லை. மாலை ஆறு மணிக்கே பவர்பேங்க் தேட ஆரம்பித்தேன்.

நியாயமாகச் சொன்னால், அந்தத் திரை உடையவில்லை. இரண்டு முறை விழுந்தும் உடையவில்லை. அவசரத்துக்குப் போட்டுக்கொள்ள, பழைய கைப்பேசியை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்க, 190 வெள்ளிக்குத் தாராளமாகப் போதும். தினமும் பணம் அனுப்பும் கைப்பேசிக்கு வேண்டாம். இடையில் 'சாஃப்ட் ஓஎல்இடி' என்று 450, 500 வெள்ளியில் ஒரு வகை உண்டு. என் தோழி போட்டிருக்கிறார். நிறமும் தடிமனும் நன்றாகவே இருக்கின்றன, கைரேகை மட்டும் பத்தில் ஆறு முறைதான் திறக்கிறது.

போனஸ் வந்ததும் மறுபடி சேவை மையம். இம்முறை வேறு பாட்டு: வெளியே திறந்த கைப்பேசி என்பதால் திரையோடு சட்டகமும் சேர்த்துத்தான் மாற்றுவார்களாம், பழைய பேட்டரியைப் பிரித்தெடுத்தால் மீண்டும் ஒட்ட மாட்டார்களாம், அதுவும் புதிதாம். 780 என்றது 1,050 ஆயிற்று. வேண்டாம் என்றால் பரிசோதனைக் கட்டணம் மட்டும் கட்டிவிட்டு எடுத்துப் போகலாம். தேதி கேட்டால் "ஸ்டாக் வந்ததும் கூப்பிடுகிறோம்". கூப்பிடவில்லை, நான்தான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. நல்லவேளை, கைப்பேசியை என்னிடமே விட்டிருந்தார்கள்.

இப்போது போட்டிருக்கும் அசல் திரை பற்றி எழுத அதிகம் இல்லை. கைரேகை திறக்கிறது, வெயிலில் தெரிகிறது, அம்மாவோடு முழுசாகப் பேச முடிகிறது. நீர் புகாமல் காக்கும் பழைய தரம் இனி உறுதியில்லை என்று ரசீதின் கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். மழையில் வெளியே எடுப்பதில்லை.

எனக்குக் கோபம் கண்ணாடி உடைந்ததில் இல்லை. கண்ணாடி என்றால் உடையத்தான் செய்யும். உடையக்கூடியது என்று செய்பவருக்கும் விற்பவருக்கும் நன்றாகத் தெரிந்த ஒரு பாகத்தின் விலையும் இருப்பும் மட்டும் வாங்குபவருக்குக் கடைசிவரை தெரிவதில்லை, அதில்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் திறன்பேசிகளுக்குப் புது விதி: மாடலின் விற்பனை நின்ற பிறகும் 7 ஆண்டுகளுக்கு முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும், கேட்டால் 5 முதல் 10 வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். விழுந்தால் எவ்வளவு தாங்கும் என்று லேபிளிலேயே தர எழுத்து இருக்கும். அதே நிறுவனங்கள்தான் இங்கேயும் விற்கின்றன.

நம் நாட்டிலும் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில், பழுதுபார்க்கும் வசதியும் உதிரிபாகமும் நியாயமான காலத்துக்குக் கிடைக்க வேண்டும் என்ற உத்தரவாதம் இருக்கிறது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலே போடலாம். நான் அதுவரை போகவில்லை, ஆனால் முன்பணம் கட்டிய ரசீது, சொன்ன தேதி, வாட்ஸ்அப் பதில் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தேன். 'ஏபி செட்' எனப்படும் நேரடி இறக்குமதிக் கைப்பேசி வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சிக்கல். உத்தரவாதம் விற்ற கடையோடு நின்றுவிடும், சேவை மையங்கள் பல தொடவே மாட்டா.

போன மாதம் அக்கா மகளுக்குக் கல்லூரிக்காகக் கைப்பேசி வாங்கப் போனோம். அவளுக்கு ஓரம் வளைந்த திரைமேல் ஆசை. விற்பனைப் பையனிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று: "இதுக்குத் திரை மாத்தினா எவ்வளவு, ஸ்டாக் இருக்கா?" அவர் யாரையோ கூப்பிட்டு, பிறகு இன்னொருவரைக் கூப்பிட்டு, 890 என்றார், ஸ்டாக் தெரியாது என்றார். பக்கத்தில் இருந்த தட்டைத் திரை மாடலுக்கு 310, இரண்டு நாளில் கிடைக்கும் என்று பதில் வந்தது. மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். தட்டைத் திரையைத்தான் வாங்கினோம்.