உம்கேனி கரைக்காடு: இயந்திரமா, கைவெட்டா, பூச்சியா?

ஒப்பந்தக் கூலி முடிந்த தமிழர்கள் காய்கறி பயிரிட்டுப் பிழைத்த நிலம், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உம்கேனி ஆற்றின் வெள்ளச் சமவெளி. 1917 அக்டோபர் வெள்ளத்தில் மாரிமுத்து படவட்டனும் அவருடன் இருந்தவர்களும் படகில் போய் 176 பேரை மீட்டதும் இங்கேதான். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் அடங்கிய குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வெள்ளத்தின் வேகத்தைக் கரைக்காடு ஓரளவாவது தணிக்கும். ஆனால் உம்கேனியிலும் அதில் சேரும் பால்மியட் ஆற்றிலும் அந்தக் காட்டை உண்ணிச்செடி, குரோமோலீனா என்னும் புதர், ஸ்பானிய நாணல் ஆகிய அந்நியச் செடிகள் நெரிக்கின்றன.

எப்படி மீட்பது? இயந்திரத்தின் பலம் வேகம் மட்டுமே. ஸ்பானிய நாணல் இங்கே விதையால் பரவுவதில்லை. கிழங்குத் துண்டுகளால் பரவுகிறது. இயந்திரம் அதை நறுக்கிப் போட்டால், அடுத்த வெள்ளம் கீழ்க்கரை நெடுகிலும் நட்டுவிட்டுப் போகும். வேர் பறிபோன கரையும் சரியும். ஆற்றோரத்தில் இயந்திரத்தை இறக்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

கைவெட்டு மெதுவானது, கூலியும் கூடும். ஆனால் தண்டைத் தரையோடு வெட்டி, வெட்டுவாயில் உடனே களைக்கொல்லியைத் தூரிகையால் பூசினால் செடி சாகும், வேர் மண்ணைப் பிடித்து நிற்கும், மருந்தும் நீரில் அதிகம் கலக்காது. தெளிப்பானில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. 1995-இல் அரசு தொடங்கிய ‘வொர்க்கிங் ஃபார் வாட்டர்’ திட்டம் அந்நியச் செடிகளை அகற்றும் வேலையை ஏழைகளுக்குக் கூலி வேலையாகவே தந்தது. அந்தக் கூலி உள்ளூர்க் குடும்பங்களுக்குப் போவதை நான் செலவாகக் கருதவில்லை. உண்மையான செலவு பின்னால் வருகிறது. உண்ணிச்செடி அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும்; குரோமோலீனா விதையிலிருந்து முளைக்கும். முதல் சில ஆண்டுகள் அதே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வர வேண்டும். பணம் முழுவதையும் முதல் வெட்டிலேயே தீர்க்கும் திட்டத்தை நான் ஆதரிக்க மாட்டேன். பாதிப் பரப்பை எடுத்துக்கொண்டு அதை முழுதாக முடிக்கட்டும்.

இந்தச் செடிகளைத் தின்னும் பூச்சிகளை விடுவதும் உண்டு. குரோமோலீனாவின் இலையைத் தின்னும் புழுக்கள் கடலோரத்தில் நிலைபெற்றுள்ளன. உண்ணிச்செடியோ பல பூச்சிகளையும் தாங்கி நிற்கிறது. ஆள் இறங்க முடியாத பள்ளங்களுக்கு இவை போதும்.

நடுவதா, தானாக முளைக்க விடுவதா? வெருளத்துக்கு அருகே பஃபல்ஸ்டிராயில் 2008-இல் தொடங்கிய மரநடவில், சுற்றுவட்டாரக் குடும்பங்கள் வளர்த்த கன்றுகளுக்கு ஈடாக உணவும் சைக்கிளும் கிடைத்தன. அருமையான ஏற்பாடு, ஆனால் அது மேட்டு நிலம். ஆற்றின் தாழ்கரையில் நட்ட கன்றை முதல் கோடைமழை வெள்ளமே இழுத்துப் போய்விடலாம். மேலே பால்மியட் காப்புக்காடு இருப்பதால், தாழ்கரைக்குப் பறவையும் நீரும் விதை கொண்டுவரும். மேல்படியில் மட்டும் உம்டோனியும் காட்டு ஈச்சையும் நட வேண்டும். உம்டோனி நம் நாவலின் இனம். சதுப்பிலும் ஊன்றி நிற்கும். நிழல் கூடக்கூட உண்ணிச்செடி மெலியும்.

வேலையை ஆற்றின் மேல்பகுதியில் தொடங்கி, நீரோட்டத்தின் போக்கில் கீழ்நோக்கி நடத்த வேண்டும். குரோமோலீனா குளிர்கால நடுவில் (இங்கே ஜூன், ஜூலை) பூத்து, மழைக்கு முன் விதை உதிர்க்கும். ஆகவே அதன் வெட்டு மே மாதத்துக்குள் முடிந்தாக வேண்டும்.